எசன் கிளை

விமலநாதன்: …அப்ப நீ அந்தப் பான் நகரத்துக் கொம்பனிக்காரருக்கு இன்னும் மறுமொழி சொல்லேல்லை?

தக்சாயினி: இல்லை அப்பா. இண்டைக்குப் பன்னிரண்டு மணிக்கு முதல் சொல்லவேணும்.

விமலநாதன்: இப்ப எத்தினை மணி?

தக்சாயினி: உங்கை எசனில பத்தரை. எனக்கு இஞ்சை போர்த்துக்கலில ஒன்பதரை. ஏன், எங்கையும் வெளிக்கிடப் போறியளோ?

விமலநாதன்: நான் எங்கை போறது? பென்சன் எடுத்த மனிசன். சும்மா கேட்டன்.

தக்சாயினி: நல்ல வேலை அப்பா. பெரிய இன்சூரன்ஸ் கொம்பனி. நிரந்தரம். மாசச் சம்பளம், லீவு, பென்சன்… நீங்கள் ரெண்டு வருசமாய்க் கேட்ட அத்தினையும் அதுக்குள்ள கிடக்கு.

விமலநாதன்: ம்…

தக்சாயினி: என்ன ம்? என்ர அப்பா துள்ளிக் குதிப்பார் எண்டு நினைச்சன்.

விமலநாதன்: முழங்கால் ஏலாது பிள்ளை… பான் கொஞ்சம் தூரமெல்லே?

தக்சாயினி: ரெயிலில ஒரு மணித்தியாலம். போர்த்துக்கலை விடக் கிட்டத்தானே!

விமலநாதன்: ரெயில் எங்கை நேரத்துக்கு வருது? அதோட பானும் ஒரு ஊரே? அங்கை இருந்த தலைநகரமே எழும்பி பெர்லினுக்குப் போயிட்டுது. நீ போய் அங்கை என்ன செய்யப்போறாய்?

தக்சாயினி: அப்பா! போன தீபாவளிக்கு என்ன சொன்னனீங்கள்? "கண்டவையின்ர கலியாண அழைப்பிதழ்க் காட்டுக்கு மயில் கீறிக்கொண்டு ஊர் ஊராய்த் திரியிறதும் ஒரு தொழிலோ" எண்டு…

விமலநாதன்: அது தீபாவளிக்குச் சொன்னது.

தக்சாயினி: பொங்கலுக்கும் சொன்னனீங்கள்.

விமலநாதன்: பொங்கலுக்கு உன்ர மாமி பக்கத்தில நிண்டவா. அவவுக்காகச் சொன்னது.

தக்சாயினி: ஓகோ! அப்ப மாமி நிக்கேக்க ஒரு கதை, நிக்காட்டி ஒரு கதை.

விமலநாதன்: நான் பிழையாய் ஒண்டும் சொல்லேல்லையே. நாங்கள் அந்தக் காலத்தில ஒரு சூட்கேசோட நாடு நாடாய் ஓடினது உயிரைக் கொண்டு தப்ப. நீ காசு குடுத்து ரிக்கற் எடுத்தெல்லே ஓடுறாய். முந்தி ஜோர்ஜியா, பேந்து கிறீற், இப்ப இது…

தக்சாயினி: எனக்கு லப்ரொப்பும் இன்ரநெற்றும் இருந்தால் காணும். கனடாவில ஒரு பிள்ளை பெரியாளான சாமத்தியவீட்டுக் காட், பாரிசில செத்த ஆள் ஒருத்தரின்ர நினைவு மலர், லண்டனில ஒரு கலியாணம். எல்லாத்தையும் ஒரு கதிரையில இருந்து செய்யிறன். ஆக்கள் வெப்சைற்றில எழுதி அனுப்புகினம், நான் செய்து அனுப்புறன். அவ்வளவுதான்.

விமலநாதன்: அந்த வெப்சைற்றில "எங்கள் குழு" எண்டெல்லே போட்டிருக்கிறாய். ஆர் உன்ர குழு? நீயும் உன்ர சூட்கேசுமோ?

தக்சாயினி: ஒரு ஆள் எண்டு சொன்னால் எங்கட சனம் நம்பாது அப்பா. "ஒரு பெட்டை தனிய என்னத்தைச் செய்வாள்" எண்டு போயிடும். குழு எண்டு போட்டால்தான் ஒரு பயம் இருக்கும்.

விமலநாதன்: பொய்தானே?

தக்சாயினி: முழுப் பொய் இல்லை… நீங்கள் எப்ப என்ர வெப்சைற்றைப் பாத்தனீங்கள்? உங்களுக்கு உதெல்லாம் விளங்காது எண்டெல்லே சொன்னனீங்கள்?

விமலநாதன்: சும்மா… கை தட்டுப்பட்டுத் திறந்திட்டுது.

தக்சாயினி: கை தட்டுப்பட்டோ!

விமலநாதன்: ஓம். பெரிய விரல்… அது போகட்டும். பானுக்குப் போனால் உந்தக் காட் வேலையை என்ன செய்வாய்?

தக்சாயினி: விடவேண்டியதுதான். கொம்பனியில சேர்ந்தால் பக்கத்தில வேற தொழில் செய்யக்கூடாதாம். தொழிலைப் பதிஞ்சதை வெட்டிப்போட்டு, வெப்சைற்றையும் மூடிவிடுவன்.

விமலநாதன்: மூடினால்… அதில கிடக்கிற எங்கட விலாசம்?

தக்சாயினி: எந்த விலாசம்?

விமலநாதன்: அதுதான் பிள்ளை, அடியில கிடக்குமே. இம்பிறெசும். இந்த நாட்டில வெப்சைற்றில தொழில் செய்யிற ஆள் பேரும் விலாசமும் அதில போட்டே ஆகவேணும், சட்டம் எண்டு நீதானே சொன்னனீ. உனக்கெண்டு ஒரு வீடு இல்லை, என்ர விலாசத்தைப் போடட்டோ எண்டு கேட்டனீ.

தக்சாயினி: நீங்களும் முகத்தைத் தூக்கிவைச்சுக்கொண்டு ஓமெண்டனீங்கள். "என்ர வாசலுக்கு ஒரு கரைச்சலும் வரக்கூடாது" எண்டு.

விமலநாதன்: ஓம்… சொன்னனான்தான்.

தக்சாயினி: வந்ததோ கரைச்சல்?

விமலநாதன்: சீச்சீ. ஒருத்தரும் வாறேல்லை. ஒரு காகமும் வாறேல்லை.

தக்சாயினி: அப்ப ஏன் கவலைப்படுறியள்? வெப்சைற்றை மூடினால் அந்த விலாசமும் போயிடும். உங்களுக்கு நிம்மதி.

விமலநாதன்: ம்… நிம்மதிதான்.

தக்சாயினி: என்ன அப்பா, குரல் ஒரு மாதிரிப் போகுது?

விமலநாதன்: இல்லை… தண்ணி கொதிக்குது. அதைப் பாத்தனான்.

தக்சாயினி: இந்த நேரத்தில தேத்தண்ணியோ? நீங்கள் காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு எண்டு சட்டம் வைச்சிருக்கிற ஆளெல்லே?

விமலநாதன்: குளிர் பிள்ளை. நவம்பர் மாசம். உன்ர போர்த்துக்கல் இல்லை இது… ஆ, சொல்ல மறந்திட்டன். நீ கடையில ஓடர் பண்ணி அனுப்புற சாமானில பால் கூடக் கூட வருது. போன கிழமையும் ஒரு பெட்டி. பிஸ்கற்றும் அப்பிடித்தான். தனி மனிசனுக்கு ஏன் இவ்வளவு?

தக்சாயினி: ஐயோ, பிழையாய் அமத்திப்போட்டன் போல. குறைக்கட்டோ?

விமலநாதன்: வேண்டாம்! …வேண்டாம் எண்டுறன். பால் இருக்கிறது நல்லதுதானே. எலும்புக்கு.

தக்சாயினி: சரி. எலும்புக்கு.

விமலநாதன்: பிறந்தநாளுக்கும் பன்னிரண்டு கப் அனுப்பினனீ. கணக்கு வழக்குத் தெரியாத பிள்ளை.

தக்சாயினி: செற்றாய்த்தான் வித்தாங்கள் அப்பா… அப்பா, பகிடியை விடுங்கோ. நான் ஒண்டு கேக்கிறன், மழுப்பாமல் சொல்லுங்கோ.

விமலநாதன்: கேள்.

தக்சாயினி: நான் இந்த வேலைக்கு ஏன் எழுதிப் போட்டனான் தெரியுமோ? எனக்கு இஞ்சை ஒரு குறையும் இல்லை. தொழிலும் ஓடுது. ஆனா காலமை எழும்பிக் கடலைப் பாக்கேக்க, அப்பா அங்கை தனிய இருந்து சுவரைப் பாத்துக்கொண்டிருப்பார் எண்ட நினைப்புத்தான் வருது. அம்மா செத்து நாப்பது நாள் நீங்கள் வாய் திறக்கேல்லை. யன்னல் சீலை விலத்தேல்லை. அதைப் பாத்துப்போட்டும் நான் போனனான்…

விமலநாதன்: நான்தானே போகச் சொன்னனான்.

தக்சாயினி: சொன்னனீங்கள். ஆனா போனது நான்தானே. அதுதான் கேக்கிறன். தனிமையாய் இருக்கு, வா எண்டு நீங்கள் ஒரு சொல் சொன்னால் காணும். இப்பவே பானுக்கு ஓம் எண்டு எழுதிறன். ஒவ்வொரு சனியும் உங்களோட வந்து நிப்பன். சத்தியமாய்ச் சொல்லுறன் அப்பா, சந்தோசமாய்த்தான் வருவன்.

விமலநாதன்: உன்ர தொழில்… நல்லாய்த்தானே போகுது?

தக்சாயினி: நல்லாய்ப் போகுது. முதல் எல்லாம் நினைவு மலருக்கு எழுதுற சனம் பிறந்தது, கட்டினது, செத்தது எண்டு விட்டிடும். இப்ப பாத்தால் பக்கம் பக்கமாய் வருது. அதில ஒரு புதினம், எல்லாரும் செத்த ஆள் தங்களை எப்பிடி ஏசினவர் எண்டு எழுதுகினம்.

விமலநாதன்: ஓ… சனம் அப்பிடித்தான்.

தக்சாயினி: டோட்முண்டிலயும் அப்பிடி, கொலோனிலயும் அப்பிடி. ஆரோ சொல்லிக் குடுத்த மாதிரி.

விமலநாதன்: எல்லா வீட்டிலயும் ஏச்சு இருக்கும்தானே பிள்ளை… அதில்லை நான் சொல்ல வந்தது. நல்லாய்ப் போற தொழிலை ஆரும் மூடுவினமோ? ஜேசுரட்ணத்தின்ர பேத்தியின்ர கலியாணக்காட்டையே எடு. அந்த மயிலை எடுத்துப்போட்டு முந்திரிகைக் கொடி வைச்சது எவ்வளவு வடிவு!

தக்சாயினி: அப்பா.

விமலநாதன்: என்ன?

தக்சாயினி: அந்தக் காட் இன்னும் அச்சுக்குப் போகேல்லை. நேற்றுத்தான் மயிலை எடுத்தனான். அவையளுக்கு மட்டும்தான் அனுப்பினனான்.

விமலநாதன்: ஆ… ஃபேஸ்புக்கில கிடந்தது.

தக்சாயினி: உங்களிட்டை ஃபேஸ்புக் இல்லையே!

விமலநாதன்: ஜேசுரட்ணத்திட்டை இருக்கு. அவரை… கடையில கண்டனான். தற்செயலாய்.

தக்சாயினி: ஜேசுரட்ணம் அங்கிள் டூயிஸ்பேர்க்கில இருக்கிறார்.

விமலநாதன்: அவருக்கு எசனுக்கு வரக்கூடாதோ? நீ என்ன பொலிசோ? …இரு, மணி அடிக்குது.

தக்சாயினி: ஆர் அப்பா?

விமலநாதன்: பார்சல்காரன். நான் போனை வைக்கிறன், பேந்து எடுக்கிறன்.

தக்சாயினி: பன்னிரண்டு மணிக்கு முதல் எடுங்கோ! நீங்கள் சொல்லாமல் நான் ஒண்டும் எழுதமாட்டன்.

விமலநாதன்: ஓமோம். வைச்சிட்டன்.

தக்சாயினி: சரி அப்… வைக்கேல்லையே. அப்பா, மேசையில வைச்சிட்டுப் போறியள், லைன் கிடக்கு. அப்பா! …சரி. நானும் வைக்கேல்லை.

விமலநாதன்: வாங்கோ, வாங்கோ. சப்பாத்து கழட்டாட்டியும் பரவாயில்லை… உள்ளை வாங்கோ தம்பி.

வின்சன்ற்: விமலநாதன் அண்ணை நீங்கள்தானே? நான் வின்சன்ற். வூப்பெற்றாலில இருந்து… பதினொரு மணிக்கெண்டு சொன்னனான். வெள்ளனவே வந்திட்டன். குறை நினையாதேங்கோ.

விமலநாதன்: என்ன குறை? இதில இருங்கோ. அந்தப் பக்கம் வேண்டாம், செற்றி அதில தாழும். போன கிழமை வந்த ஐயா ஒருத்தர் எழும்ப ஏலாமல் கிடந்தவர்.

வின்சன்ற்: நன்றி அண்ணை. அம்மாவின்ர நினைவு மலர் விசயமாய்த்தான்… முப்பத்தோராம் நாள் பூசைக்கு எல்லாருக்கும் குடுக்கவேணும். உங்களைப் பற்றி மகள் எழு—

விமலநாதன்: தெரியும், இம்பிறெசுமில விலாசத்தைப் பாத்திருப்பியள். எல்லாரும் அப்பிடித்தான் வருகினம். முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ. இஞ்சி போட்டது.

வின்சன்ற்: இம்… ஓம் ஓம். அதிலதான் பாத்தனான்.

விமலநாதன்: மகளுக்கு மட்டும் தெரியவேண்டாம், தம்பி. ஆக்கள் இஞ்சை வாறதெண்டு அறிஞ்சாளோ, "அப்பாவுக்குக் கரைச்சல்" எண்டு விலாசத்தை எடுத்துப்போடுவாள். பிறகு… பிறகு ஆர் வரப்போகினம்?

வின்சன்ற்: நான் சொல்லமாட்டன் அண்ணை… சத்தியமாய் நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லமாட்டன்.

விமலநாதன்: சரி, சொல்லுங்கோ. அம்மாவுக்கு என்ன பேர்?

வின்சன்ற்: திரேசம்மா. குருநகர். நான் கம்பியூட்டருக்கு முன்னால ரெண்டு இரவு இருந்தனான் அண்ணை. "வாழ்க்கைக் குறிப்பு எழுதவும்" எண்டு கிடக்கு. பிறந்தா, அப்பாவைக் கட்டினா, எங்கள் அஞ்சு பேரைப் பெத்தா, செத்தா. மூண்டு வரியில முடிஞ்சு போச்சு. எண்பத்திமூண்டு வருசம் இருந்த மனிசி அண்ணை… மூண்டு வரி.

விமலநாதன்: அப்பிடித்தான் வரும். குறிப்பை விடுங்கோ. அம்மா உங்களை எப்பிடி ஏசுவா?

வின்சன்ற்: என்ன?

விமலநாதன்: ஏச்சு. உங்களைத்தான். அம்மா ஏசாமலே வளத்தவா?

வின்சன்ற்: ஐயோ அண்ணை… வாயைத் திறந்தால் ஏச்சுத்தான். நான் பாடுபட்டுப் போன் எடுப்பன், "ஏன்ரா எடுத்தனீ, காசு போகுது, வை" எண்டுவா. வைக்கப் போனால், "அதுக்குள்ள என்ன அவசரம்" எண்டு அதுக்கும் ஏசுவா.

விமலநாதன்: பேந்து?

வின்சன்ற்: பேந்து வட்சப் வந்துதே. "அம்மா, இதுக்குக் காசில்லை" எண்டு சொன்னன். "காசில்லாட்டி ஏன் இவ்வளவு நாளாய் எடுக்கேல்லை"… ஹஹ்… அதுக்கு நான் என்ன சொல்லுறது சொல்லுங்கோ!

விமலநாதன்: ஹஹ்ஹா… சரியான ஆள்!

வின்சன்ற்: கடைசியாய் எடுத்தது ஒரு ஞாயிறு. பூசைக்குப் போனனியோ எண்டு கேட்டா. போனனான் எண்டு பொய் சொன்னன். "பொய் சொல்லாதை, உன்ர குரலில நித்திரை கிடக்கு" எண்டு… அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ… நான் போய்ச் சேரேல்லை அண்ணை. பிளேன் கொழும்பில இறங்கேக்க அடக்கம் முடிஞ்சுது.

விமலநாதன்: அழுங்கோ. இஞ்சை ஒருத்தரும் இல்லை… தம்பி, இப்ப நீங்கள் சொன்னதுதான் வாழ்க்கைக் குறிப்பு. அந்தக் குரலில நித்திரை கிடக்கு எண்ட வரியை வாசிக்கிற ஒவ்வொருத்தருக்கும் தங்கட தாய் ஞாபகம் வரும். நான் மெல்ல மெல்ல அடிக்கிறன், நீங்கள் சொல்லிக்கொண்டே இருங்கோ. எனக்கு ஒரு விரல்தான் ஓடும்.

வின்சன்ற்: அந்தச் சுவரில இருக்கிறது… அக்காவோ?

விமலநாதன்: ஓம். பாலாம்பிகை. ரெண்டு வருசமாச்சு.

வின்சன்ற்: அவ உங்களை ஏசுறவாவோ?

விமலநாதன்: அவவோ! …தமிழில எண்டால் நீங்கள், வாங்கோ, போங்கோதான். புருசனை நீ எண்டு சொல்ல அவவுக்கு வாய் வராது. கோவம் வந்தால் உடன இந்த நாட்டுப் பாசைக்கு, டொச்சுக்கு மாறிடுவா. டொச்சில "டூ" எண்டால் நீ, புருசனையும் அப்பிடிச் சொல்லலாம்தானே, ஒரு குற்றமும் இல்லை. "டூ" எண்டு தொடங்கினா எண்டால் நான் அவ சமைக்கிற குசினிப் பக்கம் தலை வைக்கமாட்டன்.

வின்சன்ற்: ஹஹ்ஹா… நல்ல கெட்டித்தனம்.

விமலநாதன்: கடைசிக் கிழமை, ஆஸ்பத்திரியில, கதைக்க ஏலாமல் கிடந்தவா. நான் பக்கத்திலயே இருந்தன். கண்ணைத் திறந்து பாத்தா. "டூ… போய்ச் சாப்பிடு" எண்டா. அவ்வளவுதான். அதுக்குப் பிறகு ஒண்டும் கதைக்கேல்லை… நர்ஸ் பிள்ளை சிரிச்சவள். நான் போய்ச் சாப்பிட்டனான் தம்பி. ஏச்சு விழுந்ததெல்லே.

வின்சன்ற்: அக்காவுக்கும் மலர் செய்தனீங்களோ அண்ணை?

விமலநாதன்: அவவின்ர மலரை மகள்தான் செய்தவள். அதில இருந்துதான் அவளுக்கு இந்தத் தொழிலே துடங்கினது, பாத்த சனம் எங்களுக்கும் செய்துதா எண்டு கேட்டு. "அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாங்கோ அப்பா" எண்டு கேட்டவள். எனக்குக் கை வரேல்லை. அவள் அந்தப் பக்கத்தை வெறுமையாய் விட்டே அச்சடிச்சவள். ஒரு சொல் ஏசேல்லை… இப்ப உங்களைப் போல ஆக்கள் வந்து இருந்து கதைக்கேக்கதான் எனக்கும் வாய் வருது. நீங்கள் எல்லாம் உங்கட அலுவலுக்கு எண்டு நினைச்சு வாறியள். உண்மையைச் சொன்னால் நான்தான் உங்களைப் பாத்துக்கொண்டிருக்கிறன். காலமை எழும்பினால் இண்டைக்கு மணி அடிக்குமோ எண்டுதான் பாக்கிறது.

வின்சன்ற்: இதை மகளுக்குச் சொல்லலாமே அண்ணை.

விமலநாதன்: எப்பிடிச் சொல்லுறது? ரெண்டு வருசமாய் "உதுவும் ஒரு தொழிலோ, ஒழுங்கான வேலை எடு" எண்டு திட்டினனான். இப்ப அவளுக்கு வேலை கிடைச்சிருக்கு. எனக்காகத்தான் வரப்போறாளாம். வராதை, உந்தத் தொழிலை விடாதை எண்டு எந்த வாயால சொல்லுறது? வா எண்டும் சொல்ல ஏலாது, வராதை எண்டும் சொல்ல ஏலாது… பன்னிரண்டு மணி வரைக்கும்தான் நேரம்.

வின்சன்ற்: அண்ணை… அந்த மேசையில உங்கட போன்… வெளிச்சமாய்க் கிடக்கு.

விமலநாதன்: அது அப்பிடித்தான் கிடக்கும்.

வின்சன்ற்: இல்லை அண்ணை, தக்சாயினி எண்டு பேர் கிடக்கு. நிமிசமும் ஓடுது. லைனில இருக்கிறா போல.

விமலநாதன்: ஐயோ…

வின்சன்ற்: நான்… கீழை காரில பார்க்கிங் அட்டை வைக்க மறந்திட்டன். வந்த நேரத்தை அதில காட்டி வைச்சிட்டு வாறன். நீங்கள் கதையுங்கோ.

விமலநாதன்: தம்பி, இருங்கோ… போட்டார். …ஹலோ?

தக்சாயினி: அப்பா.

விமலநாதன்: எப்ப இருந்து?

தக்சாயினி: செற்றி தாழும் எண்டதில இருந்து.

விமலநாதன்: துலைஞ்சது.

தக்சாயினி: ஒரு காகமும் வாறேல்லை?

விமலநாதன்: ஏசு பிள்ளை. ஏசு. நான் பேசாமல் கேக்கிறன்.

தக்சாயினி: எத்தினை பேர் வந்தவை அப்பா?

விமலநாதன்: எண்ணேல்லை. முதல் வந்தது டோட்முண்ட் பெடியன் ஒருத்தன், தகப்பன்ர மலருக்கு. கடை எண்டு நினைச்சு வந்து வாசலில நிண்டான், முகம் செத்துப்போய். வீட்டுக்கு வந்த ஆளை வாசலில வைச்சுக் கதைச்சு அனுப்பேலுமே? வா, இரு, தேத்தண்ணி குடி எண்டன். அவன் சொல்லச் சொல்ல, அவன்ர போனிலயே உன்ர வெப்சைற்றைத் திறந்து நான் அடிச்சுக் குடுத்தன். பேந்து அவன் ஆருக்கோ சொல்லியிருப்பான்… இல்லாட்டி எல்லாரும் அந்த இம்பிறெசுமை வாசிச்சுத்தான் வருகினம் போல. கலியாண வீட்டாக்களும் வருகினம், அழைப்புக் காட்டில ஆரின்ர பேர் முதல் வாறதெண்டு சண்டை பிடிக்க. நல்லகாலம் நீ கணக்குத் தெரியாமல் பன்னிரண்டு கப் அனுப்பினது.

தக்சாயினி: ம்…

விமலநாதன்: அழுறியோ?

தக்சாயினி: இல்லை… ஓம். அம்மா உங்களை டூ எண்டு சொன்னது எனக்குத் தெரியாது அப்பா. போய்ச் சாப்பிடு எண்டு சொன்னது தெரியாது. நீங்கள் அம்மாவைப் பற்றி இவ்வளவு கதைச்சு நான் ஒருநாளும் கேட்டதில்லை.

விமலநாதன்: நானும் கேட்டதில்லை, பிள்ளை. இப்பத்தான் கேட்டன்.

தக்சாயினி: அந்த வெறும் பக்கம் இன்னும் என்னட்டைக் கிடக்கு. ஆண்டுத் திவசத்துக்குத் திருப்பி அடிப்பம். நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதிறன்.

விமலநாதன்: ம்… டொச்சில ஏசினதையும் போடுவியோ?

தக்சாயினி: அதுதான் முதல் வரி.

விமலநாதன்: மாமி என்ன சொல்லுவாவோ…

தக்சாயினி: மாமிக்கு நீங்கள் பதில் சொல்லுங்கோ. …அப்பா, இப்ப மழுப்பாமல் சொல்லுங்கோ. பானுக்கு வரட்டோ, வேண்டாமோ?

விமலநாதன்: மணி எத்தினை?

தக்சாயினி: உங்கை பதினொண்டேகால். சொல்லுங்கோ.

விமலநாதன்: வராதை. …வராதை எண்டால், பாக்க வா. கட்டாயம் வா. பெட்டியைக் கட்டிக்கொண்டு எனக்காக எண்டு வராதை. எனக்குத் தனிமை இல்லை பிள்ளை. இருந்தது. இப்ப இல்லை. உன்ர தொழில் நல்ல தொழில். ரெண்டு வருசமாய் நான் சொன்னது பிழை. சனம் இந்தச் செற்றியில இருந்து அழுது, சிரிச்சுப் போறதைப் பாத்தனான், அதாலதான் சொல்லுறன். மூடாதை.

தக்சாயினி: இதை உங்கட வாயால கேக்கத்தான் காலமையில இருந்து காத்துக்கொண்டு இருக்கிறன். பான்காரருக்கு வரேல்லை எண்டு எழுதிவைச்சது கிடக்கு… இந்தா, அனுப்பிட்டன்.

விமலநாதன்: உண்மையாயோ?

தக்சாயினி: நீங்கள் ஒரு சொல் "தனிய இருக்கிறன்" எண்டு சொல்லியிருந்தால் மற்றதை அனுப்பியிருப்பன். ரெண்டும் எழுதி வைச்சிருந்தனான்.

விமலநாதன்: விசர்ப் பெட்டை.

தக்சாயினி: மாசக் கடைசியில வாறன். ரெண்டு கிழமை நிப்பன். நீங்கள் தேத்தண்ணி ஊத்துங்கோ, நான் பக்கத்தில இருந்து அடிக்கிறன்.

விமலநாதன்: பேந்து நீ எங்கையெண்டாலும் போ. இஞ்சத்தைய அலுவலை நான் பாப்பன். …இரு, வின்சன்ற் தம்பி வந்திட்டார், மணி அடிக்குது. பாவம், நல்ல பெடியன்.

தக்சாயினி: போய்த் திறவுங்கோ.

விமலநாதன்: போறன் போறன். ஒண்டு மட்டும் சொல்லோணும் பிள்ளை, இந்த நாட்டுச் சட்டத்தைப் பற்றி எவ்வளவோ குறை சொல்லியிருக்கிறன். ஆனா அந்த இம்பிறெசும் எண்டது நல்ல சட்டம். அது இல்லாட்டி இந்த வீட்டு மணி அடிச்சிராது. சனமும் ஒண்டு விடாமல் வாசிச்செல்லே வருகினம்!

தக்சாயினி: அப்பா… இந்த நாட்டில இம்பிறெசுமை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை. "தனிய இருந்து எழுத ஏலாட்டி எங்கட எசன் கிளைக்குப் போங்கோ, அங்கை ஒருத்தர் தேத்தண்ணி தந்து நீங்கள் சொல்லுறது முழுக்கக் கேப்பார், நான் அனுப்பினதெண்டு மட்டும் அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ" எண்டு அந்த டோட்முண்ட் பெடியனில இருந்து ஒவ்வொருத்தருக்கும் எழுதினது நான்தான்… கதவைத் திறவுங்கோ அப்பா, அவர் குளிருக்குள்ள நிக்கிறார்.